பிளென்ஹைம் மார்க் 4: ஒரு மாதிரி விமானத்தைப் பெட்டியிலிருந்து மேசைவரை கட்டி முடிக்க முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான பிளென்ஹைம் மார்க் 4-ஐ நேர் எதிரே வைத்துப் பாருங்கள். மூக்கு கோணலாக இருக்கும். வலப்பக்கக் கண்ணாடி உயர்ந்து நிற்கும். இடப்பக்கம் கரண்டியால் வழித்து எடுத்ததுபோல் குழிந்திருக்கும். முதல் முறை கிட்டை, அதாவது ஒட்டிக் கட்ட வேண்டிய பாகங்கள் உள்ள பெட்டியை, திறப்பவர்கள் பலர் இதை அச்சுப் பிழை என்றே நினைக்கிறார்கள். பிழை இல்லை. மார்க் 1 ரகத்தின் மூக்கு குட்டையானது. குண்டு குறிபார்ப்பவருக்கு வரைபடம் விரிக்க இடம் போதவில்லை என்று மார்க் 4-இல் மூக்கை நீட்டினார்கள். நீட்டியதும் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் விமானிக்கு, தரையிறங்கும்போது முன்னே இருப்பது தெரியாமல் போனது. அதனால் அவர் பக்கத்தை மட்டும் தாழ்த்தினார்கள். இரண்டு மனிதர்களின் தேவைக்கு நடுவில் செய்துகொண்ட சமரசம்தான் அந்தக் கோணல்.

இந்த மாதிரியின் உயிர் அந்தக் கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது. இறக்கையில் இணைப்புக் கோடு லேசாகத் தெரிந்தால்கூடப் பார்ப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். மூக்குக் கண்ணாடியில் ஒரு கைரேகை, ஒரு பசைப் புகை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே, கண்ணாடி எப்போது, எப்படிப் பொருந்தும் என்பதை முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளையும் அந்தக் கணக்கில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எந்த விமானம், எந்த நாள்?

பசையைத் திறப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது இது. "பிளென்ஹைம்" என்று பொதுவாகக் கட்ட முடியாது; ஒரு குறிப்பிட்ட விமானத்தை, ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான் கட்ட முடியும். அடிப்பாகத்தின் நிறம், முதுகிலுள்ள துப்பாக்கிக் கூண்டில் எத்தனை துப்பாக்கி, மூக்கின் கீழே கூடுதல் துப்பாக்கி உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்தத் தேதியைப் பொறுத்தே மாறும்.

இந்த விமானத்தின் தொடக்கமே ஆச்சரியமானது. 'டெய்லி மெயில்' பத்திரிகையின் உரிமையாளர் ரோதர்மியர் பிரபு, தனக்கென ஒரு வேகமான பயணிகள் விமானம் வேண்டும் என்று பிரிஸ்டல் நிறுவனத்திடம் கேட்டார். 1935 ஏப்ரலில் அது பறந்தபோது, அன்றைய பிரிட்டிஷ் விமானப்படையின் போர் விமானங்களைவிட வேகமாக இருந்தது. அவர் அதற்கு 'பிரிட்டன் ஃபர்ஸ்ட்' என்று பெயரிட்டு நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்த குண்டுவீச்சு விமானம்தான் பிளென்ஹைம். 1936 ஜூன் 25 அன்று முதலில் பறந்தது. 1704-இல் நடந்த ஒரு போரின் பெயர் அதற்கு.

ஆனால் நான்கே ஆண்டுகளில் காலம் அதை முந்திவிட்டது. மார்க் 4-இன் உச்ச வேகம் மணிக்கு 266 மைல். எதிரே வந்த ஜெர்மானியப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதைவிட வெகு வேகமானது. 1940 மே 17 அன்று பெல்ஜியத்தின் ஜெம்ப்ளூ அருகே பிரிட்டிஷ் விமானப்படையின் 82ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) அனுப்பிய 12 விமானங்களில் ஒன்றுதான் திரும்பியது. அதே ஸ்குவாட்ரன் ஆகஸ்ட் 13 அன்று டென்மார்க்கின் ஆல்போர்க் விமானத் தளத்துக்கு மீண்டும் 12 விமானங்களை அனுப்பியது. ஒன்று வழியிலேயே திரும்பிவிட, மீதி 11-உம் வீழ்ந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர்: விமானி, வழிகாட்டியாகவும் குண்டு குறிபார்ப்பவராகவும் இருந்தவர், வானொலியும் துப்பாக்கியும் இயக்கியவர். இந்தச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கைகளை ஒட்டும்போது அந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

தமிழ் வாசகர்களுக்கு அருகில் நடந்த ஒன்றும் உண்டு. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிக்கொண்டிருக்க, கொழும்பு குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி அங்கே தங்கியிருந்த 11ஆம் ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம்கள் கடலுக்குள் சென்றன. ஒன்பது விமானங்கள் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டுபிடித்து, முதன்மைக் கப்பலான அகாகியின் மேல் குண்டு வீசின. குண்டுகள் கப்பலை ஒட்டிக் கடலில் விழுந்தன. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை.

முதல் பிளென்ஹைமுக்கு நான் பரிந்துரைப்பது 1941 கோடையில் ஐரோப்பாவில் பறந்த ஒன்றை. 105ஆம் ஸ்குவாட்ரனின் ஹியூயி எட்வர்ட்ஸ் 1941 ஜூலை 4 அன்று பிரேமன் நகரின் மேல் ஓட்டிச்சென்ற விமானம் அது: வரிசை எண் வி6028, உடலில் எழுதிய எழுத்துகள் ஜிபி-டி. பட்டப்பகலில், ஏறத்தாழ 50 அடி உயரத்தில், மின்கம்பிகளுக்கு அடியில் புகுந்து சென்ற தாக்குதல் அது. எட்வர்ட்ஸுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அவருடைய விமானம் தந்திக் கம்பியை வாலில் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. நிறங்கள் எளியவை, டெக்கால்கள் (நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள்) குறைவு, கற்றுக்கொள்ள ஏற்றது.

அளவும் கிட்டும்

1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தின் 72-இல் ஒரு பங்கில், இறக்கை நுனியிலிருந்து நுனிவரை ஏறத்தாழ 238 மில்லிமீட்டர், நீளம் 18 சென்டிமீட்டர். புத்தக அலமாரியில் வசதியாக அமரும். 1/48 என்றால் அகலம் 36 சென்டிமீட்டரை நெருங்கும். விலையும் இடமும் கூடும். தொடங்குபவர்களுக்கு 1/72 போதும்.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இந்த அளவில் இரண்டு தலைமுறை அச்சுகளை வெளியிட்டிருக்கிறது. 1960களின் பழைய அச்சில் தகடுகளின் மேலெல்லாம் ஆணித் தலைகள் புடைத்திருக்கும். புதிய அச்சில் தகட்டுக் கோடுகள் உள்ளே பதிந்திருக்கும், உட்பகுதி விவரங்களும் நிறைய இருக்கும். பழைய பெட்டி கைக்குக் கிடைத்தால் வீசிவிடாதீர்கள், ஆனால் முதல் முயற்சிக்குப் புதியதையே வாங்குங்கள். பெட்டியின் மேல் மார்க் 1-ஆ மார்க் 4-ஆ என்பதைப் பார்த்து வாங்குவது முக்கியம். இரண்டுக்கும் உள்ள நீள வேறுபாடு இந்த அளவில் 12 மில்லிமீட்டர்தான். ஆனால் முகமே வேறு.

கருவிகள் அதிகம் வேண்டாம். கூரிய வெட்டுக்குறடு, மாற்றும் அலகுள்ள சிறு கத்தி, நுனி சரியாகக் கூடும் சாமணம், 400 முதல் 3000 வரையிலான உப்புத்தாள்கள், மாஸ்கிங் டேப், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கான நீர்த்த பசை, கொஞ்சம் புட்டி, வெள்ளைப் பசை. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்த விமானம் தூரிகைக்கு இணங்கும்.

முதல் நாள்: பசையே தொடாமல்

பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களைப் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதாகப் பிரிய ஆலையில் பூசிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. கண்ணாடிப் பாகங்களின் சட்டத்தை மட்டும் தனியே ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள். மற்ற சட்டங்களோடு உரசினால் கீறல் விழும்.

பிறகு உடற்பகுதியின் இரு பாதிகளை வெட்டியெடுத்து, டேப் போட்டு இணைத்து, கண்ணாடி மூக்கை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பசை கூடாது. எங்கே இடைவெளி வருகிறது, எந்த விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் இதைக் கடைசி நாளில்தான் செய்கிறார்கள். அப்போது உடற்பகுதி ஒட்டி, வண்ணம் பூசி முடிந்திருக்கும், உப்புத்தாளை வைக்க வழியிருக்காது. இன்று ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும்.

பாகங்களை வெட்டும்போது குறட்டைப் பாகத்தை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் கிழியும். கண்ணாடிப் பாகமாக இருந்தால் விரிசல் உள்ளே ஓடும்.

உட்பகுதி

விமானி அறையின் உட்சுவர், தரை, இருக்கைச் சட்டம் எல்லாம் சாம்பல் கலந்த பச்சை. ஹம்ப்ரால் நிறுவனத்தின் 78ஆம் எண் வண்ணம் இதற்கு நெருக்கமானது. உபகரணப் பலகை கறுப்பு. முழுக் கறுப்பாக விடாமல், காய்ந்த தூரிகையால் வெளிர் சாம்பலை மேலே தொட்டுத் தொட்டு இழுத்தால் வட்டங்களின் விளிம்புகள் எழும்பும். இருக்கை வார்களுக்கு மாஸ்கிங் டேப்பை 1 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் கீறி, வெளிர் காக்கி பூசி, சாமணத்தால் இருக்கையின் மேல் வளைத்து ஒட்டுங்கள். கிட்டில் வராத அந்த நாலு துண்டு டேப், அறை முழுவதையும் உயிர்ப்பிக்கும்.

இந்த அறையில் வேலை செய்தவர்கள் பட்ட சிரமமும் தெரிந்திருக்கட்டும். எஞ்சின் விசிறி இதழ்களின் கோணத்தை மாற்றும் கட்டுப்பாடு விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கையைப் பின்னால் நீட்டித் தடவித்தான் இயக்க வேண்டும். ஒரு கருவி இன்னொன்றை மறைக்கும். அதனால் உட்பகுதியை ஒழுங்காகவும் விசாலமாகவும் காட்ட முயலாதீர்கள். நெருக்கமாகத் தெரிந்தால்தான் அது பிளென்ஹைம்.

மூக்கில் வழிகாட்டியின் மேசையும் இருக்கையும் உண்டு. வெளிர் மஞ்சள் தாளில் நகம் அளவு வெட்டி, பென்சிலால் நான்கு கோடுகள் இழுத்து மேசையின் மேல் ஒட்டினால் வரைபடம் ஆகிவிடும். கண்ணாடி வழியே நேராகத் தெரியும் இடம் அது. வண்ணம் காய்ந்ததும் நீர்த்த அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மூலைகளில் ஓடவிட்டு, அரை மணி கழித்துப் பஞ்சால் துடையுங்கள். மூலைகளில் நிழல் தங்கும்.

உடலும் இறக்கையும்

இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, நீர்த்த பசையைத் தூரிகை நுனியால் இணைப்புக் கோட்டின்மேல் தொடுங்கள். பசை தானாக இழுபட்டு ஓடும். ஒரே மூச்சில் முழு நீளத்தையும் ஒட்டாமல், வாலிலிருந்து தொடங்கி மூன்று மூன்று சென்டிமீட்டராக, ஒன்று பிடித்த பின் அடுத்தது என்று முன்னேறுங்கள். பசையில் இளகிய பிளாஸ்டிக் கோட்டில் மெல்லிய முகடாகப் பிதுங்கி வரும். அதைத் தொடாதீர்கள். மறுநாள் காய்ந்த பின் 600 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால், புட்டி இல்லாமலே கோடு மறைந்துவிடும்.

வால்சக்கர விமானம் என்பதால் மூக்கில் எடை வைக்கத் தேவையில்லை. கண்ணாடி மூக்கில் ஈயக்குண்டை ஒளிக்க இடமும் இல்லை.

இறக்கையில் கவனிக்க வேண்டியது மேல்நோக்கிய சாய்வு. எஞ்சின்களைத் தாங்கும் நடுப்பகுதி கிடைமட்டமாக இருக்கும். அதற்கு வெளியே இறக்கை மேல்நோக்கி எழும். கிட்டோடு வரும் குறிப்பேட்டில் உள்ள முன்தோற்றப் படத்தை 1/72 அளவுக்குப் பெரிதாக்கி நகலெடுத்து அட்டையில் ஒட்டுங்கள். இறக்கையின் அடிக்கோட்டின்படி அட்டையை வெட்டிச் செங்குத்தாக நிறுத்தினால், பசை காயும்வரை இறக்கையைச் சரியான சாய்வில் தாங்கும் அச்சு அதுவே. வால் இறக்கை செங்குத்து வாலுக்கு நேர்க்கோணத்தில் இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலும் அலமாரியில் வைத்த பிறகு தினமும் கண்ணில் படும்.

குண்டு அறைக் கதவுகளைத் திறந்து காட்டலாமா, மூடியே வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூடியே வையுங்கள். பிளென்ஹைமின் கதவுகளை ரப்பர்க் கயிறுகள்தான் இழுத்து மூடி வைத்திருந்தன. குண்டு விழும்போது அதன் எடையே கதவைத் தள்ளித் திறக்கும். பின் கயிறு இழுத்து மூடிவிடும். மூடிய கதவுதான் இந்த விமானத்தின் இயல்பான தோற்றம். அடிப்பாகத்தில் வேலையும் குறையும்.

எஞ்சின்: முன்விளிம்பில் ஒரு வளையம்

மெர்க்குரி எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நட்சத்திரம்போல் நிற்கும். மார்க் 4-இல் இருந்தது 920 குதிரைத்திறன் கொண்ட மெர்க்குரி 15. சிலிண்டர்களுக்கு அடர்கறுப்பு, காய்ந்ததும் வெள்ளிநிறத்தைக் காய்ந்த தூரிகையில் எடுத்து மேலே உரசினால் குளிர்விக்கும் விளிம்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். நடுப்பெட்டி சாம்பல்.

இந்த விமானத்தின் இரண்டாவது முகம் எஞ்சின் உறையின் முன்விளிம்பு. அது வெறும் உறை விளிம்பு அன்று. புகையைச் சேகரிக்கும் வளையமே அங்கே விளிம்பாக அமைந்திருக்கிறது. சிலிண்டர்களின் புகை முன்னோக்கி வந்து அந்த வளையத்தில் சேர்ந்து, குழாய் வழியாகப் பின்னால் வெளியேறும். அதனால் எந்நேரமும் சூட்டில் வெந்த உலோக நிறம். உறையோடு சேர்த்து மண்பழுப்பையோ பச்சையையோ அதன்மேல் அடித்துவிட்டால் பிளென்ஹைம் பொம்மையாகிவிடும்.

நான் பூசும் முறை இது. முதலில் துப்பாக்கி உலோக நிறம் இரண்டு பங்கு, அடர்பழுப்பு ஒரு பங்கு கலந்து முழு வளையத்துக்கும். காய்ந்ததும் தாமிர நிறத்தை மிக மெல்லியதாகக் காய்ந்த தூரிகையில், வளைவின் உச்சியில் மட்டும். கடைசியாக, நீர்த்த கரும்பழுப்பைப் பின்விளிம்பில், உறையைத் தொடும் கோட்டில் ஓடவிடுவேன். விளக்கொளியில் திருப்பினால் பழைய அடுப்பின் இரும்பு வளையம்போல, ஒரு பக்கம் செம்மையும் மறுபக்கம் கருமையும் மின்னும். உறைக்கு வண்ணம் அடித்து முடியும்வரை வளையத்தைத் தனியே வையுங்கள். தனிப் பாகமாக வராவிட்டால் கடைசியில் டேப் கட்டிப் பூசுங்கள். விசிறி இதழ்கள் கறுப்பு, நுனி மஞ்சள்.

கண்ணாடி

இங்கே அவசரம் வேண்டாம். இரண்டு மாலைகளை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தை மெதுவாகத் தேய்த்து, கீறல் இருந்தால் 3000 எண் தாளில் நீர் விட்டுத் தேய்த்து, பிறகு பருத்தித் துணியில் வெள்ளைப் பற்பசை வைத்து வட்டமாகத் துலக்குங்கள். பளபளப்பு திரும்பும். கழுவிய பிறகு நீரால் நீர்த்த தெளிவான அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷில் முக்கி எடுத்து, தாள் துணியில் ஓரத்தை வைத்து வடியவிட்டு, தூசு படாமல் ஒரு கிண்ணத்தால் கவிழ்த்து மூடுங்கள். ஒரு நாள் காயட்டும்.

அடுத்து, சட்டக் கோடுகளுக்கு வண்ணம் பூசும்போது கண்ணாடிக் கட்டங்களில் படாமல் மறைக்க டேப். ஏற்கெனவே வெட்டப்பட்ட மறைப்புகள் கடையில் கிடைத்தால் வாங்குங்கள். கையால் செய்வதானால், டேப்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டி, ஒன்றரை மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாகக் கீறுங்கள். ஒவ்வொரு கண்ணாடிக் கட்டத்தின் விளிம்பிலும் கீற்றை வைத்துப் பல்குச்சியால் அழுத்தி, நடுவை இன்னொரு துண்டால் மூடுங்கள். கீற்று குறுகலாக இருந்தால்தான் வளைவில் மடங்காமல் படியும். நினைவிருக்கட்டும்: இந்த மூக்கில் இடமும் வலமும் ஒன்றல்ல. ஒரு பக்கத்துக்கு வெட்டியதைத் திருப்பி மறுபக்கம் ஒட்ட முடியாது.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை மட்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிளென்ஹைமை முடிக்கும் தறுவாயில், மூக்கின் ஓரம் சற்றுத் தூக்கியிருந்ததைப் பார்த்து, நொடியில் பிடிக்கும் பசையை ஒரு சொட்டு வைத்தேன். இரவில் நன்றாகவே இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் மூக்கு முழுவதும் உட்புறமாக வெண்புகை படிந்திருந்தது. நான் நாலு நாள் உட்கார்ந்து செய்த மேசையும் வரைபடமும் பனிமூட்டத்துக்குள் போய்விட்டன. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் சிக்கினால் இப்படித்தான் படியும், உள்ளே கைபோகாததால் துடைக்கவும் முடியாது. அந்த மூக்கை உடைத்துத்தான் எடுத்தேன். வெள்ளைப் பசை மெதுவாகப் பிடிக்கும், ஆனால் தெளிவாகக் காயும். நுண்ணிய இடைவெளியையும் நிரப்பும். மிகுந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

கண்ணாடி இரு பாதிகளாக வந்தால், இணைப்பு ஒரு சட்டக் கோட்டின்மேல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் நிம்மதி, வண்ணம் மறைத்துவிடும்.

மறைப்பு ஒட்டிய கண்ணாடியின் மேல் முதலில் உட்புறச் சாம்பல்பச்சையை ஒரு கை பூசுங்கள். அதன்மேல்தான் வெளிப்புற நிறம். உள்ளிருந்து பார்த்தால் சட்டங்கள் உட்புற நிறத்தில் தெரியும். சிறிய வேலைதான், ஆனால் செய்ததும் செய்யாததும் உடனே தெரியும்.

நிறம்

முழு விமானத்துக்கும் சாம்பல் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சு) ஒரு மெல்லிய பூச்சு. பிழைகள் இங்கேதான் வெளிப்படும். இணைப்புக் கோடு தெரிந்தால் திரும்பிப் போய்த் தேயுங்கள்.

மேற்பரப்பு மண்பழுப்பும் அடர்பச்சையும். அடிப்பாகத்தில்தான் காலம் பேசும். போர் தொடங்கிய மாதங்களில் பிளென்ஹைமின் அடிப்பாகம் கறுப்பு. 1940-இல் 'ஸ்கை' எனும் நிறத்துக்கு மாறியது. பெயரைப் பார்த்து வானநீலம் வாங்கிவிடாதீர்கள். அது வாத்து முட்டை ஓட்டின் வெளிர்பச்சை. நம் வி6028-க்கு அதுதான். டாமியாவில் எக்ஸ்எஃப்-21, ஹம்ப்ராலில் 90. மேற்பரப்புக்கு டாமியாவில் எக்ஸ்எஃப்-52-உம் எக்ஸ்எஃப்-81-உம். தூரிகையில் பூசுபவர்கள் வல்லேஹோவின் 71.323, 71.324 வாங்குங்கள். டாமியா அக்ரிலிக் தூரிகையில் முதல் பூச்சைக் கரைத்து இழுத்துவிடும்.

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள்: ஸ்கை, பிறகு அதை மறைத்து மண்பழுப்பு, பிறகு பச்சை. தூரிகை என்றால் பால்போல் நீர்த்து மூன்று பூச்சு. முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும், பதறாமல் காயவிடுங்கள்.

பச்சைத் திட்டுகளின் வடிவத்தைக் கண்ணளவில் வரையாதீர்கள். குறிப்பேட்டின் மேல்தோற்றப் படத்தில் இறக்கையின் முழு அகலத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 170 மில்லிமீட்டர் இருந்தால், 238-ஐ 170-ஆல் வகுக்க 1.4 வரும், நகலகத்தில் 140 விழுக்காடு பெரிதாக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் தாள் உங்கள் மாதிரியின் சரியான அளவு. திட்டுகளின் கோட்டில் வெட்டி, சின்னஞ்சிறு டேப் சுருள்களால் இறக்கையின்மேல் ஒட்டினால் மறைப்பு தயார். விளிம்புகள் கூர்மையாக வருகின்றனவே என்று கவலை வேண்டாம். நிஜ விமானத்தில் ஓர் அங்குல மங்கல் இருந்தாலும் இந்த அளவில் அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

டெக்கால்

பளபளப்பு வார்னிஷ் பூசிய பரப்பில்தான் டெக்கால் ஒட்ட வேண்டும். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாய் மின்னும். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் ஊறவிட்டு, தாளோடு கொண்டுபோய், இடத்தில் வைத்துத் தாளை உருவுங்கள். நம் ஊர்களில் குழாய் நீர் உப்பாக இருந்தால் காய்ந்த பின் வெள்ளைக் கறை நிற்கும். வடிகட்டிய நீரைப் பயன்படுத்துங்கள். 1941-க்கு: இறக்கையின் மேல் சிவப்பும் நீலமும் மட்டுமுள்ள வட்டச் சின்னம், உடலில் மஞ்சள் வெளிவளையம் சேர்ந்தது, எழுத்துகள் சாம்பல், வரிசை எண் கறுப்பு.

பிறகு மங்கல் வார்னிஷ். மழைக்காலத்தில் சென்னையிலோ கடலோர ஊர்களிலோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும். வெயில் ஏறிய நண்பகலுக்குக் காத்திருங்கள். பூத்துவிட்டாலும் மேலே மெல்லிய பளபளப்பு வார்னிஷ் அடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

அழுக்கு

அளவோடு. பிளாஸ்டிக் மாதிரிகளில் வண்ணம் உரிந்து வெள்ளித் தகடு தெரிவதுபோல் நிறையக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பிளென்ஹைமுக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. இந்த விமானங்கள் பழசாகும்வரை வாழவில்லை. புகைக்குழாயின் பின்னால் இறக்கையின்மேல் கரும்பழுப்பு புகைத் தடம், சக்கரங்களில் மண், விமானி ஏறும் இடத்தில் லேசான தேய்மானம். அவ்வளவு போதும். தகட்டுக் கோடுகளிலும் கறுப்பைவிட அடர்பழுப்பை ஓடவிடுங்கள்.

கடைசிப் பாகங்கள்

சக்கரக் கால்கள், விசிறிகள், ஆன்டெனாக் கம்பம் எல்லாம் இப்போது. சக்கரத்தின் அடியை உப்புத்தாளில் ஒரு முறை இழுத்துத் தட்டையாக்கினால் விமானத்தின் எடை தெரியும். முதுகுத் துப்பாக்கிக் கூண்டில் தொடக்க காலத்தில் ஒரு துப்பாக்கி, பின்னர் இரண்டு. 1941-க்கு இரண்டு வையுங்கள். கூண்டைப் பறக்கும்போது உள்ளிறக்கி, தேவைப்படும்போது உயர்த்துவார்கள், எனவே இரு நிலையும் சரியே. மூக்கின் அடியில் பின்னோக்கிச் சுடும் துப்பாக்கிகள் கிட்டில் இருந்தால் ஒட்டுங்கள்; வழிகாட்டி அவற்றைக் கண்ணாடிப் பிம்பத்தில் குறிபார்த்துச் சுட்டார்.

ஆன்டெனாக் கம்பிக்கு, மீந்த சட்டத் துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே சுழற்றிக்கொண்டே காட்டுங்கள். பளபளத்து இளகும் நொடியில் வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் தலைமயிர் அளவு இழை கிடைக்கும். கம்பத்திலிருந்து செங்குத்து வாலின் உச்சிவரை ஒட்டி, அணைத்த ஊதுவத்தியின் சூட்டை அருகே கொண்டுபோனால் இழை தானே விறைத்துக்கொள்ளும். தொடக்கூடாது, அருகில் மட்டும்.

இனி மூக்கின் மறைப்புகளை உரிக்கலாம். கத்தி நுனியால் டேப்பின் மூலையைத் தூக்கி, சாமணத்தால் பரப்பை ஒட்டியே சாய்வாக இழுங்கள். நேர் மேலே இழுத்தால் வண்ணம் கூடவே வரும். எங்காவது வண்ணம் கசிந்திருந்தால், கூராகச் சீவிய பல்குச்சியைச் சாராயத்தில் தொட்டு மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். கடைசிக் கட்டத்தையும் உரித்த பிறகு மேசை விளக்கை இடப்பக்கமாகச் சாய்த்து, குழிந்த பக்கத்தின் வழியே உள்ளே பாருங்கள். இருக்கை வாரும், மேசைமேல் நீங்கள் பென்சிலால் இழுத்த நான்கு கோடுகளும் தெரியும்.